விறகடுப்பு அணையாத வீடுகள்: புகையில்லாத அடுப்பை ஊரில் எல்லாருக்கும் நியாயமாகச் சேர்க்கும் வழி

திருநெல்வேலிச் சீமையில் எரிவாயு அடுப்பு புதுப்பொருள் அன்று. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் மாநில அரசு ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. அதில் விடுபட்ட வீடுகளில் பலவும், 2016 மே 1 அன்று தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் சேர்ந்தன. அதனால் எந்த ஊராட்சியில் போய்க் கேட்டாலும் "இங்கே எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது" என்ற பதிலே முதலில் வருகிறது. அதே ஊரின் கடைசித் தெருவில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடந்து போனால், ஓட்டுக்கூரைகளின் இடுக்கு வழியே புகை கசிந்து தெருவில் தங்கி நிற்பதையும் காணலாம். கேட்ட பதிலுக்கும் கண்ட புகைக்கும் இடையில் இருக்கும் வீடுகளைப் பற்றியே இந்த வழிகாட்டி பேசுகிறது.

வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் புகையை முதலில் வாங்குகிறவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பகல் முழுதும் சுளவை (முறத்தை) மடியில் வைத்துப் புகையிலைத் தூளோடு பீடி சுற்றும் பெண்ணுக்கு, காலையிலும் மாலையிலும் விறகுப் புகையும் சேர்ந்துகொள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நல்ல அடுப்பு யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மகளிர் சுய உதவிக் குழுவை நடத்துகிறவர்கள், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொறுப்பாளர்கள், வார்டு உறுப்பினர்கள், கிராம சபையில் எழுந்து பேசக்கூடிய எவரும் இதைப் பயன்படுத்தலாம். ஒரு வீட்டுக்கு வேண்டிய சூடு சோற்றுப் பானையோடு முடிவதில்லை என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். குளிக்க வெந்நீர், பிள்ளை பெற்றவளுக்கு வேது (மூலிகை வெந்நீர்), கால்நடைக்குக் கஞ்சி, சில வீடுகளில் நெல் அவிப்பு, பனங்காட்டுப் பக்கம் பதனீர் காய்ச்சுவது என்று அத்தனையும் சேர்ந்ததுதான் அந்த வீட்டின் தேவை. சோற்றுக்கு மட்டும் வழிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் விறகடுப்பு அணையாது.

எரிந்து தீர்ந்த சிலிண்டரை எண்ணுங்கள்

முதல் வேலை கணக்கெடுப்பு. "கேஸ் இணைப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் அந்தக் கணக்கு வீணாகிவிடும். கேட்க வேண்டியது, கடந்த 12 மாதங்களில் இந்த வீட்டுக்கு எத்தனை சிலிண்டர் வந்தது, கடைசியாக எந்த மாதம் வந்தது என்பதே. கேஸ் புத்தகத்திலோ, செல்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகளிலோ, ஏஜென்சி கொடுத்த ரசீதுகளிலோ இது தெரிந்துவிடும். நான்கைந்து பேர் உள்ள வீடு முழுச் சமையலையும் எரிவாயுவிலேயே செய்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதத்தைத் தாண்டுவது அரிது. ஆண்டுக்கு எட்டு சிலிண்டராவது வேண்டும். மூன்று வாங்கியிருந்தால், அந்த வீட்டின் சூட்டில் பாதிக்கு மேல் வேறெங்கிருந்தோ வருகிறது. ஒன்றும் வாங்காத வீடு, ஊராட்சிப் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், நம் கணக்கில் இணைப்பு இல்லாத வீடு.

வாய்ச்சொல்லுக்கு மேல் கண் சொல்லும் சேதி உண்டு. அடுக்களை மூலையில் சிலிண்டர் பாலித்தீன் உறையோடு நின்று, அதன் தலையில் அரிசிப் பாத்திரமான குத்துப்போணி உட்கார்ந்திருந்தால், அது பல மாதமாக நகரவில்லை. சட்டிகளின் அடிப்பக்கம், கூரை வளையில் படிந்த கரி, கொல்லையில் அடுக்கியிருக்கும் சுள்ளி, பனை மட்டை, கொதும்பு, சிரட்டை ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்களைப் போல் பார்க்கக் கூடாது. பானையின் கரியைச் சுட்டிக்காட்டி "பொய் சொல்கிறாயே" என்ற தொனியில் ஒரு வார்த்தை விழுந்தாலும் அடுத்த பத்து வீடுகளில் உண்மை வராது.

யார் போய்க் கேட்கிறார்கள் என்பதும் முடிவை மாற்றிவிடும். ஊரின் பெரிய வீட்டுக்காரரோ, கடன் கொடுத்தவரோ, வீட்டு உரிமையாளரோ உடன் வந்தால் விடை வேறாக இருக்கும். அதே தெருவில் அதே வேலை செய்கிற இரண்டு பெண்கள் போவது நல்லது. பீடி சுற்றுகிற பெண்ணிடம் "கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்" என்று கேட்பது அவர் கூலியைக் கேட்பதாகும். பக்கத்தில் உட்கார்ந்து, இலை வெட்டிக் கொடுத்தபடி பேசலாம். சிலிண்டர் எண்ணிக்கையோடு இன்னும் சிலவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: நேற்றுக் காலைச் சோறு எதில் வெந்தது, வெந்நீர் எதில் போட்டார்கள், விறகு பொறுக்கப் போவது யார், போய்வர எவ்வளவு நேரம், வீடு சொந்தமா வாடகையா, மின் மீட்டர் யார் பெயரில், சிலிண்டருக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது யார். கடைசிக் கேள்வியைச் சங்கடம் என்று விட்டுவிடாதீர்கள். விறகு பொறுக்குவது அவள் உழைப்பு, சிலிண்டர் வாங்குவது அவன் காசு என்று பிரிந்திருக்கும் வீட்டில் சிலிண்டர் எப்போதும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

ஒரே வாசலுக்குள் இரண்டு மூன்று அடுப்பு எரியும் வீடுகளில் தனிக் கவனம் வேண்டும். மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வைத்திருப்பான். அடுப்பு வேறாகியிருக்கும், குடும்ப அட்டை ஒன்றாகவே இருக்கும். இணைப்பு மாமியார் பெயரில், விறகடுப்பு மருமகள் பக்கத்தில். பட்டியலில் இதை ஒரு வீடு என்று எழுதாமல், எரிகிற அடுப்புக்கு ஒன்றாக எழுதுங்கள்.

காசு ஒரே நாளில் கேட்கப்படுகிறது

கணக்கு முடிந்ததும் காரணங்கள் தாமாகவே குவியும். அவற்றுள் பெரியது பணம். பணம் என்று சொல்லி நிறுத்திவிடாமல், எந்த வடிவத்தில் அது தடையாகிறது என்று பார்க்க வேண்டும். 14.2 கிலோ எரிவாயு சட்டிக்குக் கொடுக்கும் சூட்டை, காற்றுவாக்கில் எரியும் மண்ணடுப்பில் பெற ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். தலைச்சுமையாகப் பார்த்தால் எட்டுப் பத்துச் சுமை. அவ்வளவு விறகையும் வெட்டிப் பொறுக்கிச் சுமந்துவரும் நேரத்தில் ஒரு பெண் எத்தனை பீடி சுற்றியிருப்பாள், எத்தனை நாள் களை எடுத்திருப்பாள் என்று கணக்குப் போட்டால், சிலிண்டர் அதிக விலையாகத் தெரியாது. ஆயினும் விறகு கைக்காசைக் கேட்பதில்லை. சிலிண்டரோ ஒன்றரை மாதச் செலவை ஒரே நாளில் கேட்கிறது. வாரக் கூலி வாங்குகிற வீட்டில் அந்த ஒரு நாள் பெரிய மதில்.

இந்த மதிலைச் சுய உதவிக் குழுவால் உடைக்க முடியும். சிலிண்டர் விலையை ஆறு வாரத்துக்குப் பங்கிட்டு, வாரச் சேமிப்போடு தனிக் கணக்காக வாங்கி வையுங்கள். சிலிண்டர் தீரும் நேரத்தில் பணம் குழுவில் தயாராக இருக்கும். தொடக்கத்தில் கையில் ஒன்றுமில்லாத வீட்டுக்கு, முதல் சிலிண்டரைக் குழுவின் உள்கடனாகக் கொடுத்து, ஆறு தவணையில் திருப்பி வாங்குங்கள். இந்தக் கடனுக்கு வட்டி போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கல்யாணக் கடனையும் சோறு வேகும் கடனையும் ஒரே ஏட்டில் வைத்தால், வட்டிக்குப் பயந்து மிகவும் தேவைப்படுகிற பெண்ணே ஒதுங்கிவிடுவாள். 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் பெறும் வீடுகள், அது கணக்கில் ஏறும் வாரத்தில் சிலிண்டரைப் பதிவு செய்துகொள்ளலாம். பணம் பெண்ணின் பெயரிலேயே வருவதால் எடுத்துச் செலவிடும் முடிவும் அவளிடமே இருக்கும்.

மானியத்தில் ஒரு கோணல் இருக்கிறது. இதை ஊரில் பலர் அறிவதில்லை. உஜ்வலா பயனாளிக்கு 14.2 கிலோ சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று 2022 மே மாதத்தில் தொடங்கிய மானியம், 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்ந்தது. 2025-26-ஆம் நிதியாண்டில் 9 சிலிண்டர் வரைக்கும் என்று அது வரையறுக்கப்பட்டது. ஏற்கெனவே இணைப்பு உள்ள வீடு உஜ்வலாவில் சேர முடியாது. அதனால், மாநில அரசின் திட்டத்தில் முன்பே இணைப்புப் பெற்ற ஏழை வீடு, அந்த ஒரே காரணத்தால் 300 ரூபாய்க்கு வெளியே நிற்கிறது. ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மானியம், முன்னதாக இணைப்பு வாங்கியவளுக்கு இல்லை. இதை ஊராட்சியால் திருத்த முடியாது. ஆனால் உங்கள் குழுவின் முதல் உள்கடன் யாருக்கு என்று தீர்மானிக்கும்போது, மானியம் கிடைக்காத இந்த வீடுகளை முன்னால் வைக்க முடியும். உஜ்வலா வீடுகளிலும் மானியம் உண்மையில் வந்து சேர்கிறதா என்று வங்கிப் புத்தகத்தைப் பதியவைத்துப் பாருங்கள். ஆதார் இணைக்காத கணக்கு, நீண்ட நாள் இயங்காத கணக்கு, விரல்ரேகைச் சரிபார்ப்பு முடியாத நுகர்வோர் எண் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் தடையாக இருக்கும்.

சூடு வாசல் வரை இலவசமாக வந்தால் மக்கள் விறகை விடுவார்களா என்று ஐயப்படுகிறவர்களுக்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் 3200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், அடுப்பும் எரிவாயுவும் செலவில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்பட்டபோது, அந்த வீடுகள் விறகை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டன. "இவர்களுக்கு விறகுச் சோறுதான் ருசி" என்று பேசி முடித்துவிடுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இணைப்பே இல்லாதவர்கள்

இணைப்பே இல்லாத வீடுகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களின் தடைகள் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கின்றன. உஜ்வலா இணைப்பு 18 வயது நிறைந்த பெண்ணின் பெயரில் தரப்படுகிறது. அந்தக் குடும்பத்தில் வேறு எந்த நிறுவனத்தின் இணைப்பும் இருக்கக் கூடாது. வைப்புத்தொகை இல்லை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் கட்டம் முதல் அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம். இடம்பெயர்ந்து வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி போதும் என்பதையும் அந்தக் கட்டமே கொண்டுவந்தது. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். அவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. அவர்களையும் ஊர்ப் பட்டியலில் சேருங்கள். நம் ஊர் அட்டை இல்லை என்பதால் நம் ஊர்ப் புகை அவர்கள் குழந்தையை விட்டுவைப்பதில்லை.

தனிக்குடித்தன மருமகளுக்கு முதலில் வேண்டியது தனிக் குடும்ப அட்டை. தனிச் சமையலறை இருக்கிறதா என்று வந்து பார்த்துவிட்டே அட்டை கொடுப்பார்கள் என்பதால், அடுப்பைப் பிரித்து வைத்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது. எந்தத் திட்டத்திலும் அடங்காத வீட்டுக்கு, முகவரிச் சான்று கேட்காமல் கடையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் ஒரு வழி. கிலோக் கணக்கில் அதன் விலை கூடுதல். ஆனால் ஒரு தடவைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய தொகை சிறியது. உஜ்வலாவிலும் 14.2 கிலோவுக்குப் பதில் 5 கிலோ சிலிண்டரைத் தேர்ந்தெடுக்க முடியும். தனியாக இருக்கும் மூதாட்டிக்குத் தூக்கவும் எளிது. இதைச் சொல்ல ஏஜென்சியில் மறந்துவிடுவார்கள்; கேட்டு வாங்குங்கள்.

வாசல் வரைக்கும்

சிலிண்டர் வண்டி பெரிய தெருவோடு திரும்பிவிடும் ஊர்கள் உண்டு. வயல் நடுவே ஒதுங்கிய குடியிருப்புகள், தேரிக்காட்டு ஓரத்து வீடுகள், பாபநாசம் மலையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் ஆகியவற்றில் விலையை விடத் தூரமே பெரிய தடை. காரையாறு அணைக்கு அப்பால் இருக்கும் இஞ்சிக்குழி போன்ற இடத்துக்குச் சிலிண்டரைக் கொண்டுபோவது என்றால் என்ன என்று அந்தப் பாதையில் ஒரு முறை போனவர்களுக்குத் தெரியும். சமவெளி ஊர்களில் செய்யக்கூடியது எளியது: குடியிருப்பில் உள்ளவர்கள் தனித்தனியாகப் பதிவு செய்யாமல் ஒரே வாரத்தில் சேர்ந்து பதிவு செய்தால், வண்டி உள்ளே வர ஏஜென்சி ஒத்துக்கொள்ளும். பத்துச் சிலிண்டருக்கு வருகிறவர் ஒரு சிலிண்டருக்கு வர மாட்டார்.

ரசீதில் எழுதியிருக்கும் தொகைக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் கொடுக்கக் கடமையில்லை. நாமே ஏஜென்சியின் கிட்டங்கிக்கு (கிடங்குக்கு) போய் எடுத்துவந்தால் அந்தக் கூலியைக் கழித்துக் கேட்கலாம். வாங்கும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் வெறும் எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ கூட வேண்டும். அதே இடத்தில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஆண்டு எண்ணும் இருக்கும்; எழுத்து காலாண்டைக் குறிக்கும். அந்தக் காலத்துக்குள் சிலிண்டருக்குச் சோதனை நடந்திருக்க வேண்டும். காலம் கடந்ததை வாங்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் இந்த எழுத்தைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கசிவு என்றால் 1906, மற்ற குறைகளுக்கு 1800-2333-555, உஜ்வலாவுக்கு 1800-266-6696. இந்த மூன்று எண்களையும் அங்கன்வாடிச் சுவரில் எழுதி வையுங்கள். அதிலும் தீராவிட்டால், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். தனி மனுவை விட, முகவரியும் சிலிண்டர் தேதிகளும் எழுதி இருபது பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவுக்கு மதிப்பு அதிகம்.

மின்சார அடுப்பும் வாடகை வீடும்

ராதாபுரம், பணகுடி வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. இவ்வளவு மின்சாரம் உண்டாகும் சீமையில் மின்சாரத்தில் சமைக்க எல்லார் வீட்டுக் கம்பியும் தாங்குமா என்றால், தாங்காது. இண்டக்ஷன் அடுப்பு நல்ல கருவிதான். ஒரு சிலிண்டர் தரும் சூட்டை ஏறத்தாழ 130 யூனிட்டில் தந்துவிடும். வெளிச்சமும் மின்விசிறியும் மட்டும் உள்ள சிறு வீடு, இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மிச்சம் வைத்திருந்தால், அதைக் காலைக் காப்பிக்கும் பாலுக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் பயன்படுத்திச் சிலிண்டரை நீட்டிக்கலாம்.

இந்த 100 யூனிட் இலவசம் மீட்டருக்கே தரப்படுகிறது, குடும்பத்துக்குத் தரப்படுவதில்லை. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுணிலும் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வளவுகளில், வாடகைக்காரருக்கு இலவச யூனிட் எட்டுவதே இல்லை. மூன்று வீட்டுப் பயன்பாடும் ஒன்றாகக் கூடி உயர்ந்த கட்டண அடுக்குக்குப் போய்விடும். சப்-மீட்டர் வைத்து உரிமையாளர் தமக்குத் தோன்றிய விலையை வாங்குவார். ஆகவே வாடகைக் குடும்பத்துக்கு இண்டக்ஷன் அடுப்பை அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு முன், தனி மீட்டர் வாங்க உரிமையாளர் சம்மதிப்பாரா என்று பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த வீட்டுக்கு எரிவாயுவே சரி. ஒற்றை விளக்குக் குடிசை இணைப்பில் இந்த அடுப்பை இயக்கவே கூடாது.

கொடுப்பது என்று முடிவானால் முழுதாகக் கொடுக்க வேண்டும். 2000 வாட் அடுப்புக்கு விளக்குச் சுவிட்சின் சிறிய பிளக் போதாது. பெரிய பிளக் பாயிண்டும் மண்கம்பி இணைப்பும் அடுக்களையிலேயே வேண்டும். அலுமினியச் சட்டி, பித்தளைப் பானை, மண்சட்டி எதுவும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான எவர்சில்வரோ இரும்போ வேண்டும். வீட்டில் இருக்கும் அத்தனை பாத்திரமும் அலுமினியம் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கு அடுப்பை மட்டும் கொடுத்தால், அது பரணுக்குத்தான் போகும். கம்பி, பிளக், இரண்டு பாத்திரம் எல்லாம் சேர்ந்ததே ஒரு அடுப்பின் விலை என்று கணக்கெழுதுங்கள்.

வெந்நீர்

புகையில்லாத ஊர் என்று அறிவித்துவிட்ட இடங்களிலும் விறகு பதுங்கியிருப்பது வெந்நீர் அடுப்பில். காரணம் எளிய கணக்கு. ஒருவர் குளிக்க 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 30 கிராமுக்கு மேல் எரிவாயு வேண்டும். ஐந்து பேர் நாள்தோறும் குளித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 5 கிலோ, அதாவது சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு. எந்த ஏழை வீடும் அதைக் கொடுக்காது. கொல்லையில் மூன்று கல்லை வைத்துத் தவலையை ஏற்றிவிடும்.

மொட்டை மாடியும் மேல்நிலைத் தொட்டியும் உள்ள வீட்டுக்குச் சூரியவெந்நீர்க் கருவி சரியான விடை. ஓட்டு வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் அது எட்டாது. அதனால் ஊர்ப் பொதுப்பணம் இருந்தால், தனி வீட்டு மாடிகளுக்கு முன் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலையோரக் குடியிருப்பின் பொதுக் குளியலறையிலும் அதைப் பொருத்துவது நியாயம். மற்ற வீடுகளுக்கு நம் வெயிலே போதும். வெளிப்புறம் கறுப்பு வண்ணம் பூசிய சருவத்தில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, காலை முதல் முற்றத்து வெயிலில் வைத்தால், சாயங்காலக் குளியலுக்கு இதமான சூடு கிடைக்கும். வேலைக்குப் போய்வந்து மாலையில் குளிக்கிறவர்களுக்கு இது முழுத் தீர்வு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தென்காசிப் பக்கத்துச் சாரல் நாட்களிலும் இது பலிக்காது. மீட்டர் உள்ள வீடுகள் அந்த நாட்களில் ஒரு குளியலுக்குக் கால் யூனிட் என்ற கணக்கில் ஹீட்டர் கம்பியைப் பயன்படுத்தலாம். சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்பதைக் குழந்தைகள் உட்பட வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். இந்தக் கம்பி உயிர் குடித்த வீடுகள் உண்டு.

சாணமும் சீமைக்கருவேலமும்

ஊருக்கு நல்லது என்று செய்கிற சில காரியங்கள் ஏழை அடுப்பிலிருந்து எரிபொருளைப் பறித்துவிடும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலம் வெட்டப்பட்டது. நீருக்கும் நிலத்துக்கும் அது வேண்டியதே. குளத்துக் கரையில் சுள்ளி ஒடித்துவந்த பெண்ணுக்கோ அது இலவச எரிபொருள் மறைந்த நாள். சாண எரிவாயுக் கலனும் அப்படியே. 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும்; நான்கைந்து மாடுள்ள, இடமுள்ள வீட்டுக்குத்தான் அது இயலும். அந்த வீட்டுச் சாணத்தை அள்ளித் தொழுவைக் கூட்டிவிட்டு, கூலியோடு கொஞ்சம் சாணமும் எடுத்துப் போய் வறட்டி தட்டியவள் அதன் பிறகு எதை எரிப்பாள்? கலன் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளம் தூர்வாரும் தீர்மானமோ கலனுக்கான மானிய விண்ணப்பமோ ஊராட்சிக்கு வரும்போது, அதனால் எரிபொருள் இழக்கும் வீடுகள் எவை என்று நம் பட்டியலைப் பார்த்து, அந்த வீடுகளுக்குச் சிலிண்டர் கடனை அதே மாதம் தொடங்கிவிடுங்கள்.

விறகு தொடரும் வீடுகள்

கருப்பட்டிப் பருவத்தில், பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் பதனீர் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். அதைச் சிலிண்டரில் காய்ச்சச் சொல்வது அந்தத் தொழிலையே நிறுத்தச் சொல்வதாகும். நெல் அவிப்பும் அப்படியே. இந்த அடுப்புகளை வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவது, புகைக்கூண்டு வைப்பது, காற்று அடியிலிருந்து ஏறும்படி கம்பித்தட்டு போடுவது, விறகை நன்றாகக் காயவைத்துச் சிறிதாகப் பிளந்து எரிப்பது ஆகியவை பயன் தரும். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அந்த அடுப்பருகே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு எரிக்கிறார்கள் என்பதற்காக இந்த வீடுகளைத் திட்டத்திலிருந்து நீக்கக் கூடாது. தொழிலுக்கு விறகு, வீட்டுச் சமையலுக்கு எரிவாயு என்று பிரித்துக் கணக்கெழுதினால் போதும்.

யாருக்கு முதலில்

கையில் இருக்கும் பணம் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போதாது. ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு லைட்டர் வாங்கிக் கொடுக்கலாம். ஒரு அடுப்பும் அணையாது. ஆகவே வரிசை வேண்டும். நான் வைக்கும் வரிசை இது: கர்ப்பிணியோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ உள்ள, சிலிண்டர் வாங்காத வீடு முதலில், இருமல், இழுப்பு, காசநோய் கண்டவர் உள்ள வீடும் அதோடு. அடுத்து, தனியே இருக்கும் மூதாட்டிகளும் கணவனை இழந்த பெண்களும். அதன்பின், மானியம் எட்டாத பழைய இணைப்பு வீடுகள். உங்கள் ஊருக்கு வேறு வரிசை பொருந்தலாம். எதுவானாலும் அதை முன்கூட்டியே எழுதி, காரணத்தோடு வாசித்து, எதிர்ப்பைக் கேட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். பட்டியலை ஆள் பெயரோடு ஒட்டாமல் வீட்டு எண்ணோடு மட்டும் ஒட்டினால், ஏழ்மை ஊர்ச் சுவரில் எழுதப்படாது.

இதற்குக் கிராம சபையே சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. முதல் சபையில் கணக்கையும் வரிசையையும் வையுங்கள். அடுத்தடுத்த சபைகளில் எந்தெந்த வீட்டு எண்ணுக்கு எத்தனை சிலிண்டர் வந்தது என்று வாசியுங்கள். கடைசித் தெருப் பெண்கள் வர வேண்டுமானால், சபைக்கு முந்தைய மாலை அவர்கள் தெருவிலேயே ஒரு கூட்டம் போட்டு, என்ன பேசப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கூலிக்குப் போகும் நேரத்தில் சபை கூடினால் நேரத்தை மாற்றக் கேளுங்கள்.

கொடுத்து முடித்த ஆறாம் மாதத்தில் அதே இரண்டு பெண்கள் அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். சில வீடுகள் விறகுக்குத் திரும்பியிருக்கும். ஏன் என்று கேட்டால் பர்னர் அடைத்துவிட்டது, டியூபை எலி கடித்துவிட்டது, மகளின் பிரசவச் செலவில் சிலிண்டர் பணம் போய்விட்டது என்று சொல்வார்கள். பர்னரையும் டியூபையும் அன்றைக்கே சரிசெய்து கொடுங்கள். பிரசவம் நடந்த வீட்டுக்கு நடப்புத் தவணையை நிறுத்திவைத்து, அடுத்த சிலிண்டரைக் குழுக் கணக்கிலேயே பதிவு செய்யுங்கள்.